பழைய கணக்குப் பெட்டியைத் திறக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பங்காளிகள் கூடிப் பிரிக்கும்போதோ மராமத்துப் பார்க்கும்போதோ பெட்டி நிறையப் பழைய காகிதம் வெளியே வருவது சாதாரண விஷயம். ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று பல ஊர்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய வட்டிக் கடைகளிலிருந்து வந்த கடிதங்கள், பேரேடுகள், ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் நிலையைக் காட்டும் கணக்கு), உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு), புரோநோட்டு, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்), கல்யாணச் சாமான் பட்டியல், தந்தி எல்லாம் அதில் இருக்கும். மரச்சாமானுக்கும் பீங்கானுக்கும் விலை கேட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர்கள் வீடு தேடி வருவார்கள், காகிதத்தைக் கேட்டு வருகிறவர் பெரும்பாலும் பழைய பேப்பர்காரர்தான். அவரிடம் எடைக்குப் போடுவது தவறு என்று இப்போது நிறையப் பேருக்குத் தெரிந்துவிட்டது, நல்லது. ஆனால் காப்பாற்ற நினைக்கிறவர்கள் ஆசையோடு செய்கிற சில காரியங்களும் அதே அளவு சேதம் செய்கின்றன. நான் எழுத வந்தது அவற்றைப் பற்றித்தான்.

முதல் தவறு, பெட்டியைத் திறந்த உடனே பிரித்து அடுக்க ஆரம்பிப்பது. கடிதம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம், பத்திரம் ஒரு பக்கம் என்று பிரித்தால் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காகிதங்கள் ஏன் ஒன்றாக இருந்தன என்ற செய்தி அந்த நிமிஷமே போய்விடும், திரும்பக் கிடைக்காது. ஒரு கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சணல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது, மேலே ஒரு துண்டுச் சீட்டில் வருஷப் பெயரும் கடையின் விலாசமும். உள்ளே பர்மாவில் ஒரு நிலத்தின் மேல் கொடுத்த கடனுக்கான பத்திர நகல், அதற்குள் மடித்து வைத்த ஏஜெண்டின் கடிதம் (இந்தப் போகம் நெல் விலை இறங்கிவிட்டது, ஆசாமி வட்டி கட்டவில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டிருப்பார்), அதற்கு முதலாளி ஊரிலிருந்து எழுதிய பதிலின் நகல், கடைசியில் வக்கீல் பில். நான்கும் சேர்ந்து இருக்கும்வரை ஒரு நிலம் எப்படிக் கைமாறியது என்ற முழுக் கதையும் அதில் இருக்கிறது. கடிதத்தைக் கடிதக் குவியலிலும் பில்லைப் பில் குவியலிலும் போட்டுவிட்டால் நான்கு துண்டுக் காகிதம்தான் மிச்சம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938இல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. உலகம் முழுக்க மந்தம் வந்து நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கடைக்கு வந்து சேர்ந்த காலம் அது. சதவீதக் கணக்கு அரசாங்க அறிக்கைகளில் கிடைக்கும். ஒரு கடை அந்த முடிவுக்கு எப்படி வந்தது, நிலம் வேண்டவே வேண்டாம் பணத்தை வசூல் பண்ணு என்று முதலாளி எத்தனை தடவை எழுதினார், ஏஜெண்டு அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் இந்தப் பெட்டிகளில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் கட்டு கலையாமல் இருந்தால்தான் உண்டு.

அதனால் பிரிப்பதற்கு முன்னால் பெட்டியை அப்படியே போட்டோ எடுங்கள். எந்த அறையில் எந்தப் பெட்டியில் இருந்தது என்று எழுதி வையுங்கள். கட்டுக்கு ஒரு எண், பென்சிலில், தனிச் சீட்டில். கயிறு இற்றுப் போயிருந்தால் அறுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டலாம், உள்ளே இருப்பதன் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பேரேட்டுக்குள் சொருகிய சீட்டு இருந்தால் அது எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கட்டும். ஆவணக் காப்பகங்களிலும் முதல் விதி இதுதான், ஒரு குடும்பத்துக் காகிதத்தை இன்னொரு குடும்பத்துடையதோடு கலக்க மாட்டார்கள், வந்த வரிசையையும் காரணமில்லாமல் கலைக்க மாட்டார்கள்.

அடுத்தது, எது முக்கியம் என்று நாமே முடிவு செய்து மிச்சத்தைக் கழிப்பது. பெரிய மனிதர் எழுதிய கடிதம் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வோம், பால் கணக்கு, மொய் நோட்டு, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் குப்பைக்குப் போகும். கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு இந்த மாதிரி அழைப்பிதழ், நோட்டீஸ், கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, 1994இல் அதை வைத்துச் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது, இன்று தமிழ்ச் சமூக வரலாற்றைத் தேடுகிறவர்கள் தரமணிக்குப் போய் அந்த நோட்டீஸ்களைத்தான் புரட்டுகிறார்கள். அதற்கும் முன்னால் போனால் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் அரசியலும் இருக்கிறது, கப்பல் வந்த செய்தியும் துணி வியாபாரமும் ஊர் வம்பும் இருக்கின்றன. அவர் வியாபாரி, அதனால் எல்லாம் ஒன்றாகவே வந்தது. வியாபாரச் செய்தி வேண்டாம் என்று யாராவது கழித்திருந்தால் அந்தக் காலத்துப் புதுச்சேரியில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்வதும், தபால்தலைக்காக உறையைக் கத்தரிப்பதும் இதே வகைதான். பல கடிதங்களில் தேதி சரியாக இருக்காது. எந்த ஊரிலிருந்து என்றைக்குப் புறப்பட்டது, என்றைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வது உறைமேல் உள்ள முத்திரை மட்டும்தான்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது, எடுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். செல்லோடேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் பசை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கி எழுத்தை மறைத்துவிடும். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே ஒரு வெள்ளைத் தாளுக்குள் வையுங்கள், ஒட்டுவது பழகியவர் வேலை. பூஞ்சை வாடை அடிக்கிறது என்று மொட்டை மாடி வெயிலில் காயப்போடுகிறார்கள், வெயில் பட்டால் மை வெளுக்கும், காகிதம் அப்பளமாக நொறுங்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் போதும். துருப்பிடித்த குண்டூசியை இழுத்துப் பிடுங்காமல் மெல்லக் கழற்றுங்கள், ரப்பர் பேண்டு போடவே போடாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது, நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்க அதுவே போதும்.

இன்னொன்று அடிக்கடி பார்க்கிறேன். ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள் என்று எங்கேயோ கேட்டுவிட்டுக் காகிதப் பேரேட்டுக்கும் அதைத் தடவிவிடுகிறார்கள். ஓலையில் எழுத்தாணிக் கீறல், அதில் கரி இறங்கியிருக்கும், அதனால் பழகியவர் கையில் அந்த எண்ணெய் ஓலைக்கு நல்லது. காகிதத்தில் எண்ணெய் பட்டால் கறைதான், போகாது. வசம்பு வைக்க ஆசைப்பட்டால் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வையுங்கள், காகிதத்தின் மேல் தூவ வேண்டாம்.

போட்டோ எடுக்கிறவர்களுக்கு: நல்ல பக்கங்களை மட்டும் எடுக்காதீர்கள். அட்டை, முதுகு, வெற்றுப் பக்கம், சொருகிய சீட்டு எல்லாம் வரிசையாக வேண்டும். பேரேட்டை 180 டிகிரிக்கு மல்லாத்தி அமுக்கினால் தையல் விட்டுப்போகும், இரண்டு பக்கமும் தலையணையோ துண்டோ முட்டுக் கொடுத்துப் பாதி திறந்த நிலையில் எடுங்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அதையே பிரதி என்று வைத்துக்கொள்ளக் கூடாது, சுருங்கிப்போன படத்தில் பொடி எழுத்து தெரியாது. போட்டோ எடுத்தாயிற்று, இனி அசல் எதற்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

படிக்கும்போது வருகிற தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இவை அச்சில் ஏறினால் பிறகு யாரும் திருத்துவதில்லை. பக்கத்தின் உச்சியில் இருக்கும் உ பிள்ளையார் சுழி. அதே வடிவம் வரிக்குள் வந்தால் இரண்டு என்ற எண். க ஒன்று, ச நான்கு, அ எட்டு என்று எழுத்தும் எண்ணும் ஒரே மாதிரி இருக்கும். பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு, ௨௱௩௰௫ என்றால் 235. பூஜ்யம் இல்லையே என்று குழம்ப வேண்டாம். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, இந்த மூன்றும் தெரிந்தாலே பாதிப் பக்கம் திறந்துகொள்ளும். தொகையில் கால் என்றால் 4 அணா, அரைக்கால் 2 அணா, மாகாணி 1 அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. இந்த நாட்டில் நயா பைசா வந்தது 1957இல்தான், அதற்கு முந்திய கணக்கில் 7-12-6 (7 ரூபாய், 12 அணா, 6 பை) என்பதைத் தசமமாக நினைத்து எக்செல்லில் ஏற்றினால் மொத்தக் கூட்டலும் தப்பு. வட்டி விகிதத்திலும் கவனம் வேண்டும், நூற்றுக்கு முக்கால் என்றால் மாதத்துக்கு, அதாவது வருஷத்துக்கு 9 சதவீதம். வருஷ வட்டி என்று நினைத்து, செட்டியார்கள் வட்டியே வாங்கவில்லை என்கிற அளவுக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

தேதியில் சறுக்காதவர்கள் குறைவு. வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும், துந்துபி என்று மட்டும் இருந்தால் அது 1862ஆகவும் இருக்கலாம், 1922ஆகவும் இருக்கலாம், காகிதமும் மற்ற செய்திகளும்தான் சொல்ல வேண்டும். சித்திரையில் வருஷம் பிறப்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில வருஷத்துக்குப் போகும். விசு வருஷம் மாசி மாதம் ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்வோம். விசு 1941 என்று பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டால், ரங்கூனில் கடை அமைதியாக நடந்த காலத்துக் கடிதம் ஆகிவிடும். உண்மையில் அது 1942 பிப்ரவரி, மார்ச். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்து, நம்மவர்கள் கிடைத்த வழியில் எல்லாம் ஊருக்குக் கிளம்பி, மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போன காலம். "கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவர முடியவில்லை" என்று ஒரு வரி அதில் இருந்தால் அதன் அர்த்தமே வேறு.

பெயர்களையும் அவசரப்பட்டு மனிதர்களாக்கிவிடாதீர்கள். கடைக்கு விலாசம் என்பது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக் கோர்வை, அது ஒரு ஆளின் இனிஷியல் இல்லை. ஆள் இறந்த பிறகும் விலாசம் ஓடும், ஒரே ஆள் இரண்டு கூட்டில் இருந்தால் இரண்டு விலாசத்தில் வருவார். தண்டாயுதபாணி பெயரில் பெரிய தொகை வரவாகி வட்டி ஏறிக்கொண்டே இருந்தால் அவரைப் பங்குதாரர் என்று எழுதிவிடாதீர்கள், அது கோயில் பணம். ஒருவர் பக்கத்தில் வரவு என்று இருப்பது அவருடைய வருமானம் இல்லை, அவர் கடையில் கொடுத்தது, கடை அவருக்குத் தர வேண்டியது. அப்புறம், ஆச்சிமார் பணம். பெண்களின் சீதனப் பணம் கடையில் வட்டிக்குப் போடப்பட்டிருக்கும், தனிக் கணக்கு ஓடும். வீட்டு விஷயம் என்று அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகிறவர்கள், கடையின் மூலதனத்தில் ஒரு முக்கியமான பகுதியையே தாண்டிப் போகிறார்கள்.

இந்தக் கணக்கைத் தடுமாறாமல் வாசிக்கிறவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். "ஐயா, இந்த வரி என்ன சொல்லுது?" என்று பேரேட்டை அவர்கள் முன்னால் வைத்துக் கேளுங்கள், பக்க எண்ணைச் சொல்லிவிட்டு ஒலிப்பதிவு பண்ணுங்கள். பக்க எண் இல்லாத பதிவு பிறகு எதோடும் ஒட்டாது.

கடைசியாக, காப்பகத்துக்கோ நூலகத்துக்கோ கொடுக்கும்போது வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். கொடையா, பத்திரமாக வைக்க மட்டுமா, நகலெடுத்துவிட்டுத் திருப்பித் தருவதா என்று எழுத்தில் வேண்டும். பெட்டி பங்காளிகள் எல்லாருக்கும் பொது என்றால் எல்லாருடைய கையெழுத்தும் வாங்குங்கள், ஒருவர் கொடுத்து இன்னொருவர் போய்த் திரும்பக் கேட்ட வழக்கு உண்டு. கட்டு எண்ணோடு ஒரு பட்டியல் இரண்டு பிரதி, ஒன்றில் அவர்கள் முத்திரை. ஜாதகம், நோய், அடுத்த வீட்டுக் கடன் போன்ற விஷயம் உள்ள கட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள், இத்தனை வருஷத்துக்குத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை எழுதிக் கொடுக்கலாம். வீட்டு மனை, நிலம் சம்பந்தப்பட்ட நடப்புப் பத்திரம் ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அப்படி ஒன்றை எடுத்தால் அதே இடத்தில் ஒரு சீட்டு வையுங்கள்: என்ன எடுத்தோம், யார் எடுத்தது, எந்தத் தேதி.