டீசேர்ட்டில் சுருங்கிய எழுத்து

வெள்ளவத்தையில் வீட்டோடு எம்பிராய்டரி செய்கிறேன். டீசேர்ட்டில் பெயர் போட்டால் எழுத்து மெலிந்து, சுற்றித் துணி சுருங்கும். பல நாள் மெசினைத்தான் திட்டினேன். பிழை நான் செய்த டிசைனில்!

அம்மா கையால் பூ நிரப்பும்போது, முதலில் கோட்டின் மேல் ஓட்டுத்தையல் ஓட்டிவிட்டுத்தான் நிரப்புவார். என் ஃபைலில் அந்த அடித்தையலே இல்லை. படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் சேர்த்துப் பாவிக்கும், எம்பிராய்டரி டிசைன் செய்யும் இங்க் ஸ்டிச்சில் (இரண்டும் இலவசம்) திறந்து, எழுத்தின் இரு ஓரத்திலும் அடித்தையல் கொடுத்தேன். எழுத்தை நிரப்பும் குறுக்குத்தையலான சாட்டினில் நூல்களுக்கிடையிலான இடைவெளி 0.25 மில்லிமீட்டராக நெருக்கியிருந்தது, 0.4 ஆக்கினேன். நூல் இழுத்து ஒடுக்குவதை ஈடுகட்ட அகலத்தில் 0.2 கூட்டினேன்.

அப்புறம், துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் பேக்கிங்: தைத்தபின் கிழித்தெடுக்கும் வகைக்குப் பதிலாக, சுற்றி வெட்டிவிட்டு மிச்சத்தை உள்ளேயே விடும் வகை. இழுபடும் துணிக்கு அதுதான் சரி, புறக்கோட்டையில் வாங்கினேன். துணியை இழுக்காமல் வளையத்தில் பூட்டி ஓட்டினேன். ‘ழ’ முதல் முறையாக ‘ழ’ மாதிரியே வந்தது.