சுழலை முடக்கிய ரப்பர்

செங்கோட்டையில் சாரல் காலத்தில் டேபிள் டென்னிஸ் மட்டையில் ஈரம் படரும். அதோடு, புனலூரிலிருந்து வரும் இளைஞர்களின் சுழல் சர்வீஸ் என் பேக்ஹேண்டில் (புறங்கைப் பக்கத்தில்) பட்டதும் மேசையைத் தாண்டிப் பறக்கும். அந்தப் பக்கத்துக்குக் சுழலைப் பிடிக்காத கறுப்பு ஆன்டி-ஸ்பின் ரப்பர் ஒட்டினேன்.

மேற்பரப்பு வழவழப்பு, அடியிலுள்ள ஸ்பாஞ்ச் துள்ளாது. பந்தை அது பற்றுவதே இல்லை. வந்த சுழல் அப்படியே தொடர்வதால், எதிராளியின் டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழல்) அவருக்கே பேக்ஸ்பின்னாக (பின்னோக்கிய சுழலாக) திரும்புகிறது. என்ன அருமையான பழிவாங்கல்! ஆனால் எதிராளி பேக்ஸ்பின்னோடு வெட்டி அனுப்பிய பந்தை அடியில் சீவக் கூடாது, எழும்பிவிடும்; மட்டையை நிமிர்த்தி நேராகத் தள்ள வேண்டும். சுழலே இல்லாமல் வரும் பந்து இந்த ரப்பரில் பட்டால் சப்பென்று திரும்பும். அப்படி வரும் பந்தை நகர்ந்து ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கைப் பக்கத்தில்) அடிக்கிறேன்.

ஆட்டத்துக்கு முன் மட்டையைப் பார்க்க எதிராளிக்கு விதிப்படி உரிமை உண்டு. நானே எடுத்து நீட்டிவிடுவேன்.