புலிக்காலும் உப்புக் கொலுசும்: கதாபாத்திரம் வரைவது எப்படி?

கதாபாத்திரம் வரைய உட்காரும்போது முகத்தில் தொடங்காதீர்கள். அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். சிதம்பரத்துப் புலிக்கால் முனிவர் வியாக்கிரபாதரை எண்ணிப் பாருங்கள். வண்டு வாய்வைக்கும் முன்பே பூப்பறித்து இறைவனுக்குச் சாத்த வேண்டும். விடியுமுன், வழுக்கும் மரத்தில் ஏற வேண்டும். அதனால்தான் புலியின் காலும் கண்ணும். ஒரே ஒரு வேண்டுதல் முழு உடலையும் வடித்துவிட்டது! இதைவிடச் சிறந்த பாடத்தை நான் கண்டதில்லை.

போன மாதம், உப்பளத்திலேயே வளர்ந்த ஒரு சிறுமியைக் கற்பனை செய்தேன். நாள் முழுக்க வெள்ளை ஒளி கூசும். ஆகவே கண்கள் வெறும் இரண்டு கீறல்கள். சேற்றில் புதையாதிருக்க, கொக்கின் விரல்களைப்போல் விரிந்த பாதம். கணுக்காலில் உப்புப் படிந்து, கொலுசுபோல ஒரு வெள்ளை வளையம். அந்த வளையத்தை வரைந்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

அடுத்து, கட்டைவிரல் அளவில் 20 நிழலுருவங்களைக் கறுப்பு மையால் நிரப்புங்கள். முதல் ஐந்தாறு எங்கோ பார்த்தவையாகவே இருக்கும், வரைந்து கடந்துவிடுங்கள். கண்ணும் உடையும் இல்லாமலே ஆள் யாரென்று தெரிகிற உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் கடைசியில், மூன்று போதும்.

கற்பனை வறண்டால் சுவரைப் பாருங்கள். கறை படிந்த சுவர்களில் மலைகளையும் போர்களையும் முகங்களையும் தேடச் சொன்னவர் லியனார்டோ டா வின்சி. என் சமையலறைச் சுவரின் ஈரக்கறையில்தான் அந்தச் சிறுமியின் காற்றில் பறக்கும் தலைமுடி கிடைத்தது.