ஊருக்குப் போகும்போது வீட்டுச் சூட்டை அணைக்காதீர்கள்: கனடாக் குளிரில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஒவ்வொரு நவம்பரிலும் புதிதாக வந்தவர்கள் அதே கேள்விகளோடு வருகிறார்கள். பதிலைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஜனவரியில் அதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முன்னால் வந்தவர்கள் பட்டதையே பின்னால் வருபவர்களும் படுவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

பாதித் தவறுகளுக்குக் காரணம் ஒன்றுதான்: 'கனடாக் குளிர்' என்று ஒரே குளிர் இருப்பதாக நினைப்பது. ஜனவரி சராசரி வான்கூவரில் பூஜ்யத்துக்கு மேல் 4 டிகிரி, வினிபெக்கில் மைனஸ் 16. கால்கரியில் இருக்கும் மைத்துனர் நல்ல மனதோடு சொல்லும் அறிவுரை டொராண்டோவில் பாதிதான் பலிக்கும். கையுறை போடுங்கள், பார்த்து நடங்கள் என்பதையெல்லாம் முதல் வாரமே குளிர் கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிட்டு, காசையும் உடம்பையும் கெடுக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

வேறு ஊருக்கான ஜாக்கெட்டை வாங்குவது

வான்கூவரில் அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்வது பெரும்பாலும் மழை. அங்கே இறகு அடைத்த தடித்த ஜாக்கெட் நனைந்தால் இறகு கட்டியாகி, சூடு தராமல் கனக்கும். நீர் புகாத மெல்லிய மேலங்கி, உள்ளே ஒரு ஃப்ளீஸ், அவ்வளவுதான் தேவை. வினிபெக்கிலும் சாஸ்கடூனிலும் குளிர் வறண்டது, காற்று பலமானது. அங்கே தொடைவரை இறங்கும் இறகு ஜாக்கெட்டும், ஐந்து விரலும் தனித்தனியாக நிற்கும் கையுறைக்குப் பதில் நான்கு விரலும் சேர்ந்திருக்கும் 'மிட்டன்'னும் வேண்டும். டொராண்டோவில் முதலில் காசு போட வேண்டியது பூட்ஸில். உப்பும் பாதி உருகிய பனியும் கலந்த சேறு தெருவோரங்களில் கணுக்கால் ஆழத்துக்கு நிற்கும்.

பூட்ஸை இறுக்கமாக வாங்காதீர்கள். தடித்த சாக்ஸ் போட்டுப் பார்த்து, விரல்கள் அசையும் அளவில் எடுங்கள். விரல் அசையாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து, எவ்வளவு விலையுயர்ந்த பூட்ஸிலும் கால் விறைக்கும். உடம்போடு ஒட்டும் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அதுவே உடம்பைக் குளிர வைக்கும்.

வீட்டைப் பூட்டி, சூடு தரும் ஃபர்னஸை அணைத்துவிட்டு ஊருக்குப் போவது

இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. டிசம்பரில் பள்ளி மூடியதும் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளம்புகிறார்கள், பொங்கல் முடிந்து திரும்புகிறார்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்குக் கேஸ் பில் என்று, சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்துவிடுகிறார்கள். இல்லையென்றால் 7, 8 டிகிரிக்கு இறக்குகிறார்கள். மிச்சமாவது சில நூறு டாலர். அதற்குப் பதில் போவது தரை, சுவர், சமையலறை அலமாரி, முழு பேஸ்மென்ட்.

8 டிகிரியில் தண்ணீர் உறையாதே என்று கேட்பார்கள். தெர்மோஸ்டாட் இருப்பது வீட்டின் நடுவில், ஹாலில். குழாய்களில் சில ஓடுவது வெளிச்சுவருக்குள், சமையலறை சிங்குக்குப் பின்னால், கராஜுக்கு மேலே உள்ள அறையின் தரைக்கடியில். வெளியே மைனஸ் 20 அடிக்கும் இரவில், ஹாலில் 8 காட்டும்போதே அந்த மூலைகள் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும். ஆனால் பெரும்பாலும் குழாய் வெடிப்பது உறைந்த இடத்தில் அல்ல. உறைந்த கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீர் போக்கிடமில்லாமல் நெருக்கப்பட்டு, எங்கே பலவீனமோ அங்கே பிளக்கிறது. அப்போதும் உடனே ஒன்றும் தெரியாது, ஐஸே அடைப்பாக நிற்கும். நாலு நாள் கழித்துக் குளிர் தணிந்து ஐஸ் உருகும்போதுதான் தண்ணீர் பாயும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும் ஒரு நாளில் 14,400 லிட்டர். வீட்டுக்காரர் அப்போது ஊரில் கல்யாண வீட்டில் இருப்பார்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது பூஞ்சை வாடை. லாமினேட் தரை பலகைகள் இணைப்புகளில் கூடாரம்போலத் தூக்கி நிற்கும். பேஸ்மென்ட் கூரையிலிருந்து ஊறிய டிரைவால் (ஜிப்சம் பலகை) நார்நாராகத் தொங்கும். கார்பெட்டில் கால் வைத்த இடத்தில் தண்ணீர் மேலே வரும்.

அடுத்த அடி இன்சூரன்ஸில் விழுகிறது. பல வீட்டு பாலிசிகளில் ஒரு நிபந்தனை உண்டு: சூடு போட வேண்டிய பருவத்தில் தொடர்ந்து 4 நாட்களுக்கு மேல் வீட்டில் ஆள் இல்லாவிட்டால், உறைந்ததால் வந்த சேதத்துக்கு ஈடு கிடையாது. அதற்கு விலக்கு பெற இரண்டில் ஒன்றைச் செய்திருக்க வேண்டும். பொறுப்பான ஒருவர் தினமும் வீட்டுக்குள் வந்து சூடு ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மெயினில் மூடி, குழாய்களை வடித்திருக்க வேண்டும். நாள் கணக்கும் வாசகமும் பாலிசிக்குப் பாலிசி மாறும். டிக்கெட் எடுத்த அன்றே புரோக்கருக்கு போன் செய்து, உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"பக்கத்து வீட்டு அண்ணன் கண் வைத்துக்கொள்வார்" என்பது இதில் சேராது. அவர் தன் டிரைவ்வேயிலிருந்து பார்த்தால் வீடு எப்போதும் நன்றாகத்தான் தெரியும். சாவியைக் கொடுங்கள். "அண்ணே, தினமும் ஒரு நிமிஷம் உள்ளே போய் தெர்மோஸ்டாட்டை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுடுங்க" என்று கேளுங்கள். நாளும் நேரமும் பதிந்த அந்தப் படங்கள்தான் பின்னால் உங்கள் சாட்சி. அவர் ஒருநாள் மறந்தால் உங்களுக்கும் உடனே தெரியும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒரு மணி நேர வேலை. தெர்மோஸ்டாட்டை 15, 16 டிகிரியில் வையுங்கள், அதற்குக் கீழே வேண்டாம். அது பேட்டரியில் ஓடும் வகையென்றால் புதிய பேட்டரி போடுங்கள். இரண்டு சின்ன பேட்டரி தீர்ந்ததால் ஃபர்னஸ் நின்று உறைந்த வீடுகள் உண்டு. ஃபர்னஸ் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

மெயின் வால்வு பெரும்பாலும் பேஸ்மென்டில், தெருவைப் பார்த்த சுவரோரம், வாட்டர் மீட்டரை ஒட்டி இருக்கும். நீளக் கைப்பிடி என்றால் கால் சுற்று திருப்பி, குழாய்க்குக் குறுக்காக நிறுத்துங்கள். வட்டப்பிடி என்றால் வலப்பக்கமாக மூடும்வரை. பழைய வட்டப்பிடிகள் இறுகிப்போய், திருகினால் தண்டில் கசியும். அதனால் இதை விமானத்துக்கு முந்தைய இரவில் முதல்முறையாகத் தொடாதீர்கள். ஒரு மாதம் முன்பே சோதித்து, தேவையென்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

மூடியபின் மாடியில் உள்ள குழாயையும் பேஸ்மென்ட் துணி துவைக்கும் தொட்டிக் குழாயையும் திறந்துவிடுங்கள். மேலே காற்று புகுந்தால்தான் கீழே முழுவதும் வடியும். டாய்லெட்டுகளை ஃப்ளஷ் செய்து தொட்டியைக் காலியாக்குங்கள். ஃபர்னஸோடு இணைந்த, காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபயருக்குத் தனியாக ஒரு சின்னக் குழாய் போகும், அதையும் மூடுங்கள். கேஸ் வாட்டர் ஹீட்டரை 'வெகேஷன்' நிலைக்குத் திருப்புங்கள். சமையலறை சிங்கின் கீழ்க்கதவுகளைத் திறந்து வையுங்கள், அறைச் சூடு அந்தக் குழாய்களுக்கும் போகட்டும்.

இதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. வினிபெக்கில் 2013–14 குளிர்காலத்தில் உறைபனி தரைக்குள் ஆழமாக இறங்கி, தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் நிலத்தடிக் குழாய்களே உறைந்தன. அப்படி அபாயமுள்ள வீடுகளுக்கு ஒரு குழாயைப் பென்சில் தடிமனுக்கு ஓடவிடச் சொல்லி நகராட்சி சொல்லும். அந்த வீட்டில் மெயினை மூடிவிட்டுப் போவது நேர்மாறான காரியம். சுடுநீர் ரேடியேட்டர் உள்ள பழைய வீடுகளில் அந்தச் சுற்றுக்குள் இருக்கும் தண்ணீரை நீங்களாக வடிக்காதீர்கள், பாய்லர் பார்ப்பவரைக் கேளுங்கள். கண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவர்கள் ஜன்னலை விரலளவு திறந்துவிட்டுப் போவதுதான் அங்கே நடக்கும் தவறு. ஜன்னலடியில் உள்ள ஹீட்டர் குழாய் உறைந்தால் கீழே நாலைந்து மாடிக்குத் தண்ணீர் இறங்கும்.

வீட்டில் இருக்கும்போதே ஒரு குழாயில் தண்ணீர் வராமல் போனால் அதைத் திறந்தே வைத்து, ஹேர் டிரையரால் குழாய்வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சூடு காட்டுங்கள். டார்ச் நெருப்பு வேண்டாம், சுவருக்குள் இருப்பது மரம்.

தோட்டக் குழாயில் ஹோஸை மாட்டியபடி விடுவது

அக்டோபரில் கழற்றுங்கள். உள்ளே அதற்கான வால்வை மூடுங்கள், வெளிக்குழாயைத் திறந்து வையுங்கள். 'உறையாத' குழாய் என்று விற்பதும் ஹோஸ் மாட்டியிருந்தால் வடியாமல் வெடிக்கும்.

பனிக்குப் பின் வீட்டைச் சுற்றிப் பார்க்காமல் இருப்பது

புதிய ஃபர்னஸ்களுக்குப் புகைபோக்கி கூரையில் இல்லை. பக்கச் சுவரில் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டியிருக்கும், ஒன்று காற்றை இழுக்க, ஒன்று புகையை வெளியேற்ற. பனி குவிந்து அவற்றை மூடினால் ஃபர்னஸ் தானே நின்றுவிடும், நடு இரவில் வீடு குளிரும். டிரைவ்வேயில் பனியைத் தள்ளும் முன், அந்தக் குழாய்களைச் சுற்றி ஓர் அடிக்குப் பனி இல்லாமல் தோண்டி எடுங்கள். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் 2020 ஜனவரி 17 அன்று ஒரே நாளில் 76.2 சென்டிமீட்டர் கொட்டியது. கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான் நின்றது. அப்படிப்பட்ட ஊரில் மண்வெட்டியை கராஜில் அல்ல, வீட்டுக்குள் வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு படுக்கையறைக்கும் அருகில் இருக்கட்டும்.

ஜன்னல் வியர்ப்பதை அலட்சியம் செய்வது

நம் சமையலில் நீராவி அதிகம். இட்லிப் பானை, சோறு, ரசம், கூடவே உள்ளே காயப்போடும் துணி. வெளியே மைனஸ் 30 என்றால் வீட்டின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மைனஸ் 15 அளவில் 35 வரை தாங்கும். மீறினால் கண்ணாடியில் நீர் வழிந்து, சட்டத்தில் தேங்கி, பிப்ரவரியில் கரும்பூஞ்சையாகத் தெரியும். 15 டாலருக்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். அடுப்புக்கு மேலுள்ள ஹூட், புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். உள்ளேயே விடும் வகையென்றால் குளியலறை விசிறியைச் சமையல் முடிந்து அரை மணி நேரம்வரை ஓடவிடுங்கள்.

ஒரு மாகாணத்தின் டயர் சட்டத்தை இன்னொன்றில் நம்புவது

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அக்டோபர் 1 முதல் பெரும்பாலான மலைப்பாதைகளில் கட்டாயம், டயர் பட்டன் (சாலையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) ஆழம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வான்கூவரில் பனியே இல்லை என்று கிளம்பி விஸ்லர் மலைச்சாலையில் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்க வேண்டும். முதல் பனிக்காகக் காத்திருக்காதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகிவிடும், அப்போதே மாற்றுங்கள். குளிர் 5, 6 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறையும் என்பதும் நினைவிருக்கட்டும்.

'விண்ட் சில்' எண்ணைக் காருக்கும் பொருத்துவது

காற்று வீசும்போது தோல் உணரும் குளிரின் அளவுதான் விண்ட் சில், அது தோலுக்கான கணக்கு. மைனஸ் 28க்குக் கீழே 10 முதல் 30 நிமிடத்தில் தோல் உறையலாம், மைனஸ் 40இல் 5 முதல் 10 நிமிடத்தில். இன்ஜின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஆனால் அந்த வெப்பநிலையே மைனஸ் 20ஐத் தொட்டால் வினிபெக், சாஸ்கடூன் போன்ற பிரெய்ரி (சமவெளி) ஊர்களில், இன்ஜினைச் சூடாக்கும் ப்ளாக் ஹீட்டரைச் செருகுங்கள். கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன் டைமர் போட்டால் போதும். இரவு முழுவதும் ஓடினால் பில்தான் ஏறும்.

எல்லாக் குளிரிலும் கல்லுப்பைக் கொட்டுவது

மைனஸ் 10க்குக் கீழே போனால் அது சரியாக உருக்காது. மணல் போடுங்கள்.

சினூக் வந்த நாளில் சாதாரண ஷூவோடு போவது

கால்கரியில் மலையிலிருந்து சூடான காற்று இறங்கினால் சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏறும். மாலையில் திரும்ப இறங்கும். மதியம் உருகிய அத்தனையும் ஆறு மணிக்குக் கண்ணாடி ஐஸ்.

கோடைக்கு ஒன்றும் தயார் செய்யாதது

குளிருக்கு மட்டும் பயந்தவர்களை ஜூன் பிடிக்கிறது. 2021 ஜூன் 29 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டனில் 49.6 டிகிரி பதிவானது. அந்த வெப்ப அலையில் அந்த மாகாணத்தில் மட்டும் 619 பேர் வெப்பத்தால் இறந்ததாக மரண விசாரணை அதிகாரிகள் கணக்கிட்டார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், இறந்தது வீட்டுக்குள். சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டிய வீடு கோடையிலும் அதையேதான் செய்யும். நம் ஊர் வெயில் பார்த்தவர்கள்தானே என்று ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஏசி இல்லாத மேல்மாடி அறையில் விடாதீர்கள். பகலில் திரைச்சீலையை மூடுங்கள். வெளியே குளிர்ந்தபின் மட்டும் ஜன்னலைத் திறங்கள். அறைக்குள் 31 டிகிரியைத் தாண்டினால் அவர்களை நூலகத்துக்கோ மாலுக்கோ கூட்டிப்போங்கள்.

கால்கரிக்காரர்களுக்குக் கோடையில் ஆலங்கட்டி. 2020 ஜூன் 13 அன்று நகரின் வடகிழக்கில் வீட்டுச் சுவர்களே சல்லடையாயின. காரை கராஜில் வைக்க இடம் இருந்தும், அங்கே பழைய சோபாவை அடுக்கி வைத்துக் காரை வெளியே விடுபவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையாவது இடம் மாற்றுங்கள். காருக்கு 'காம்ப்ரிஹென்சிவ்' (மோதல் அல்லாத சேதத்துக்கான) இன்சூரன்ஸ் பாதுகாப்பு இல்லையென்றால் அந்தச் சேதத்துக்கு ஒரு டாலரும் வராது.

ஹாலிஃபாக்ஸில் கரண்ட் போனால் ஒரே நாளில் வந்துவிடும் என்று கணக்கிடுவது

2022 செப்டம்பர் 24 அன்று ஃபியோனா புயல் கரையேறியபின் பல வீடுகள் ஒரு வாரத்துக்கு மேல் இருட்டில் இருந்தன. கிணற்று நீர் உள்ள வீட்டில் கரண்ட் போனால் தண்ணீரும் போகும். புயல் அறிவிப்பு வந்ததும் குளியல் தொட்டியை நிரப்புங்கள், குடிக்க ஆளுக்கு நாளைக்கு 2 லிட்டர் தனியாக வையுங்கள். ஜெனரேட்டரை கராஜுக்குள்ளோ ஜன்னலடியிலோ ஓட்டாதீர்கள். வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகை வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள்.