லண்டனிலிருந்து ஒரே நாளில் பிரைட்டன்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், லண்டன் சுற்றிக் காட்டியாயிற்று, அடுத்து எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் பிரைட்டன். படிக்க வந்து ஒரு மாதம்கூட ஆகாத மாணவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ரயிலில் ஒரு மணி நேரம். இறங்கினால் நடந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

ஒரே ஒரு வருத்தம் உண்டு. பெரும்பாலானவர்கள் ஸ்டேஷனிலிருந்து நேராகக் கடலுக்குப் போய், பியர் எனப்படும் கடல் மேடையில் படம் எடுத்து, சிப்ஸ் சாப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். கடல்நீர் நோய் தீர்க்கும் என்று ஒரு காலத்தில் மக்கள் நம்பியதால் எழும்பிய ஊர் இது. அந்த நம்பிக்கையை வைத்தே இங்கே பெரிய பெயர் எடுத்தவர் ஓர் இந்தியர். அடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் குணமடையப் படுத்திருந்ததும் இதே ஊரில், அதுவும் ஓர் அரண்மனையில். அதனால் நான் சொல்லும் வழியில் கடல் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை எந்த நாளும் சரி. வெயிலடிக்கும் சனி, ஞாயிறுகளில் பாதி லண்டன் அங்கேதான் இருக்கும், அதனால் முடிந்தால் வார நாளில் போங்கள். குளிர்காலத்தில் போவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். எந்த மாதமானாலும் காற்று பலமாக வீசும். குடையைக் கொண்டுபோனால் காற்று அதைத் திருப்பிவிடும். தலையை மூடும் தொப்பி வைத்த ஜாக்கெட்தான் உதவும். செருப்பு வேண்டாம், அடி தடித்த ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: டிக்கெட்

விக்டோரியா, லண்டன் பிரிட்ஜ், செயின்ட் பாங்க்ரஸ் மூன்றிலிருந்தும் நேரடி ரயில் உண்டு. குரொய்டன் பக்கம் இருப்பவர்கள் ஈஸ்ட் குரொய்டனிலேயே ஏறலாம். லண்டனில் தட்டிப் போகும் ஆய்ஸ்டர் கார்டு பிரைட்டன் வரை செல்லாது, அதைத் தட்டிவிட்டு ஏறிவிடாதீர்கள். போக வர டிக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும். மாணவர்கள் ரயில்கார்டு எடுத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் கூட்ட நேரம் அல்லாத ரயில்களில் குரூப்சேவ் என்ற பெயரிலும் அதே அளவு குறைகிறது, அதற்குக் கார்டுகூட வேண்டாம். ஒரே கம்பெனி ரயிலில் மட்டும் செல்லும் டிக்கெட் மலிவாக இருக்கும், ஆனால் திரும்பும்போதும் அந்தக் கம்பெனி ரயிலில்தான் ஏற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

படி 3: ரயிலில் தூங்காதீர்கள்

பால்கம் ஸ்டேஷன் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்புங்கள். திடீரென்று இரண்டு பக்கமும் நிலம் கீழே போய்விடும், ரயில் ஒரு பள்ளத்தாக்கின் மேல் மிதந்து போவது போல் இருக்கும். அதுதான் ஊஸ் பள்ளத்தாக்குப் பாலம். 37 வளைவுகள், ஒரு கோடிக்கும் மேல் செங்கற்கள். 1841-ல் இந்தப் பாதை திறந்த பிறகுதான் சாதாரணக் குடும்பங்களும் காலையில் கிளம்பிக் கடலைப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்ப முடிந்தது. அதற்கு முன் பிரைட்டன் பணக்காரர்களின் ஊர்.

படி 4: முதலில் மேட்டிலுள்ள கல்லறைத் தோட்டம்

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் குயின்ஸ் ரோடு நேராகக் கடலை நோக்கி இறங்கும். தூரத்தில் ஒரு நீலக் கோடு தெரியும், கால் தானாக அங்கே போகப் பார்க்கும். கொஞ்சம் இறங்கியதும் சர்ச் ஸ்ட்ரீட் குறுக்கிடும். வலது பக்கம் மேடேறினால் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயம். ஐந்து நிமிட நடைதான்.

இதைச் சுற்றியுள்ள பழைய கல்லறைகளில் ஒன்று ஷேக் தீன் முகமதுவுடையது. 1759-ல் பாட்னாவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்து, அயர்லாந்துக்குப் போய், 1794-ல் ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்ட முதல் இந்தியர் ஆனார். 1810-ல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தார், அது நஷ்டத்தில் முடிந்தது. ஐம்பது வயதுக்கு மேல் பிரைட்டனுக்கு வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை மூலிகை ஆவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதும்தான் தொழில். நோயாளியை ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் உட்காரவைத்து, மூலிகை ஆவியில் நன்றாக வியர்க்கவிட்டு, துணியில் இருக்கும் பிளவுகள் வழியாகக் கையை மட்டும் உள்ளே விட்டுப் பிடித்துவிடுவார்கள். இரண்டு அரசர்கள், நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும், அவரிடம் சிகிச்சை பெற்றார்கள். ஷாம்பு என்று இன்று நாம் சொல்லும் சொல் இந்தியில் அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் அது பரவ இவர் ஒரு முக்கியக் காரணம். 1851-ல் இறந்தார்.

கல்லறை மிக எளிமையானது. எழுத்துகள் தேய்ந்திருக்கும், கிட்டப் போய் நின்றால்தான் படிக்க முடியும். இவ்வளவு தூரம் வந்து, தோற்று, மறுபடி எழுந்த ஒருவர் இங்கே கிடக்கிறார் என்று நினைக்கும்போது, புதிதாக இந்த நாட்டுக்கு வந்த யாருக்கும் மனசில் ஏதோ செய்யும். எனக்குச் செய்தது. அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

அங்கேயே மார்த்தா கன் என்ற அம்மாளின் கல்லறையும் இருக்கிறது. கடலில் குளிக்க வரும் சீமாட்டிகளைப் பிடித்து அலையில் முக்கி எடுப்பது அவர் வேலை. அது ஒரு தொழிலாகவே இருந்தது என்பதிலிருந்து, கடல்நீர் மீது அந்தக் காலத்தவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று புரியும். ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர் 1750-களில் கடல்நீரில் குளி, அதையே குடி என்று எழுதிவைத்ததுதான் தொடக்கம். மீன்பிடி ஊர் அப்படித்தான் பெரிய ஊர் ஆனது.

படி 5: ராயல் பெவிலியன்

அதே சர்ச் ஸ்ட்ரீட்டில் திரும்பி இறங்கி, குயின்ஸ் ரோட்டைக் கடந்து நேராகப் போங்கள். வழியில் நார்த் லெய்ன் கடைத்தெருக்கள் குறுக்கே வரும், பழைய உடுப்பு, இசைத்தட்டு, காபிக்கடை. பார்த்துக்கொண்டே நடக்கலாம், இப்போதே உள்ளே நுழைந்தால் மதியம் ஆகிவிடும்.

மரங்களுக்கு நடுவே வெங்காயக் குமிழ் மாதிரி வெள்ளைக் குவிமாடங்கள் தெரியும், அதுதான் ராயல் பெவிலியன் அரண்மனை. இந்தியாவைக் கண்ணால் பார்க்காத ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் படங்களைப் பார்த்து 1815 முதல் சில ஆண்டுகளில் இதை இப்படி மாற்றிக் கட்டினார். கட்டச் சொன்னவர் பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர். வெளியே முகலாயர் பாணி, உள்ளே முழுக்கச் சீன அலங்காரம். டிக்கெட் மலிவு இல்லை, ஆனால் பிரைட்டனில் ஒரே ஒரு இடத்துக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் இதற்குக் கொடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எல்லோரும் விருந்து மண்டபத்தின் டிராகன் சரவிளக்கின் அடியில் நிற்பார்கள், ஒரு டன் எடை அது. நான் கூட்டிக்கொண்டு போன என் அம்மா அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார், அடுத்திருந்த சமையல்கட்டில்தான் நின்றுவிட்டார். கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களின் உச்சியில் செம்புத் தகட்டில் பனை ஓலை செய்து விரித்திருக்கிறார்கள். சுவர் நெடுக அளவு வாரியாக அடுக்கிய செம்புப் பாத்திரங்கள். “இதை யார் புளி போட்டுத் தேய்ப்பது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

சிப்பாய்கள் பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள். முதல் உலகப் போரில், 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை, இந்த அரண்மனையும் பக்கத்திலிருக்கும் டோம் அரங்கும் இந்தியப் படைவீரர்களின் ஆஸ்பத்திரி. மதம், சாதி பார்த்து ஒன்பது சமையல்கட்டுகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். பெரிய குவிமாடத்தின் கீழே வரிசை வரிசையாகக் கட்டில்கள் போட்ட பழைய படம் ஒன்று உண்டு. கட்டிலில் இருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், அவசரப்படாதீர்கள்.

வெளியேறும்போது தோட்டத்தின் தெற்கு வாசல் வழியாக வாருங்கள். குஜராத் பாணியிலுள்ள அந்த வாசலுக்கு இந்தியா கேட் என்றே பெயர், சிப்பாய்களைக் கவனித்துக்கொண்ட ஊருக்கு நன்றியாக இந்தியர்கள் கொடுத்தது. 1921 அக்டோபரில் பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார்.

படி 6: சாப்பாடு

பெவிலியன் தோட்டத்துப் புல்வெளியிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம், அதைவிட நல்ல யோசனை இல்லை. கட்டிக்கொண்டு வரவில்லையா, கவலை வேண்டாம், சைவ உணவுக்குப் பேர்போன ஊர் இது, தெற்கே லேன்ஸ் சந்துகளில் கடைகள் நிறைய உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அளவுக்குக் குறுகிய சந்துகள் அவை, நகைக்கடைகளும் அதிகம். மீன் வறுவலும் சிப்ஸும் கடற்கரையில் சாப்பிடுவதாக இருந்தால் ஒரு கையால் மூடியபடி சாப்பிடுங்கள். கடற்காகம் பின்னாலிருந்து வரும், வருவது தெரியாது, மீன் போன பிறகுதான் தெரியும்.

படி 7: கடல்

இப்போது கடல். இங்கே மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். மெரினாவைப் பார்த்துப் பழகிய கால் முதல் பத்தடியில் தடுமாறும். குதிகாலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக நடங்கள், வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குக் கிட்டே கரை படிபோல் சட்டென்று சரியும், குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். குளிக்க நினைத்தால் கோடையில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள், அங்கேதான் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். ஆகஸ்டில்கூடத் தண்ணீர் சுமார் 18 டிகிரிதான் இருக்கும்.

குளிக்காவிட்டாலும் அலைக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அலை பின்வாங்கும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளும். வாணலியில் மணல் போட்டுக் கடலை வறுக்கும்போது கரண்டி எழுப்புமே, அதே சத்தம். நம் ஊர்க் கடலில் இது கேட்காது.

அப்புறம் பேலஸ் பியர். கடலுக்குள் அரைக் கிலோமீட்டருக்கு நீண்டுபோகும் இந்த மேடை 1899-ல் திறந்தது. சீசனில் சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. ராட்டினம், விளையாட்டு மெஷின்கள் எல்லாம் குழந்தைகளுக்கு. நீங்கள் பலகை இடுக்கு வழியே கீழே பாருங்கள், பச்சைக் கடல் ஆடுவது தெரியும்.

பியருக்குக் கிழக்கே ஒரு குட்டி ரயில் ஓடும். மாக்னஸ் வோக் என்ற பொறியாளர் 1883 ஆகஸ்டில் ஓட்டத் தொடங்கியது. இன்றும் ஓடும் மின்சார ரயில்களில் உலகிலேயே மூத்தது இதுதான். சென்னையில் மின்சார டிராம் வந்தது 1895-ல், அதற்கும் பன்னிரண்டு வருடம் முன்னால்! மரச்சட்ட இருக்கைகள், மெதுவான ஓட்டம், ஒரு மைல் தூரம். குளிர்காலத்தில் ஓடாது. நடக்க முடியாத பெரியவர்களை இதில் உட்காரவைத்தால் கடலை ஒட்டியே போய் வரலாம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

படி 8: சாயங்காலம் மேற்குப் பக்கம்

வெயில் சாய்ந்ததும் பியருக்கு முதுகைக் காட்டி மேற்கே நடங்கள். கால் மணி நேரத்தில் கடலுக்குள் ஓர் இரும்புக் கூடு தனியாக நிற்கும். அது வெஸ்ட் பியர். 1866-ல் திறந்து, 1975-ல் மூடி, 2002 கடைசியில் சரியத் தொடங்கி, 2003-ல் இரண்டு முறை தீப்பிடித்து, மிஞ்சியது இவ்வளவுதான். பக்கத்தில் 162 மீட்டர் உயர ஐ360 கோபுரம் இருக்கிறது, கண்ணாடிக் கூண்டில் மேலே ஏற்றிக் காட்டுவார்கள். நேரமும் பணமும் மிச்சமிருந்தால் ஏறுங்கள், ஏறாவிட்டால் ஒன்றும் குறையாது.

குளிர்காலத்துக்கான காரணம் என்று சொன்னேனே, அது இதுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, இருட்டுவதற்குச் சற்று முன்னால், மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இரண்டு பியர்களுக்கும் மேலே சுழலும். ஒரு கூட்டம் இன்னொன்றோடு சேர்ந்து, புகை மாதிரி நீண்டு, சுருங்கி, திரும்பி, கடைசியில் யாரோ சொன்னது போல் எல்லாம் ஒரே நேரத்தில் பியருக்கு அடியில் இறங்கிவிடும். மழை, பெருங்காற்று இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், சூரியன் மறைய அரை மணி நேரம் முன்னாலேயே கரையில் நில்லுங்கள்.

இரண்டாவது முறை போகிறவர்களுக்கு

ஊருக்கு வடக்கே பேட்சம் பக்கத்து மேட்டில் சத்ரி என்ற நினைவிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரைத் தகனம் செய்த இடத்தில் 1921-ல் வெள்ளைப் பளிங்கில் கட்டியது. வாசல் வரை கார் போகாது, புல்வெளிப் பாதையில் ஏறித்தான் போக வேண்டும். மழைக்கு மறுநாள் சேறாக இருக்கும். அங்கிருந்து கடல் தூரத்தில் தெரியும்.

கடைசிப் படி: கிளம்புமுன் பைகளைப் பாருங்கள்

பிரைட்டன் கடற்கரையிலிருந்து கூழாங்கல் எடுத்துப் போவது சட்டப்படி தப்பு. 1949-ல் வந்த கரைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, அந்தக் கற்கள்தான் அலையின் அடியைத் தாங்கி ஊரைக் காக்கின்றன. இது தெரியாமல் அம்மா பூஜை அறையில் வைக்க முட்டை மாதிரி வழவழப்பான ஒரு கல்லைப் பையில் போட்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் கையில் எடுத்து ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர் தொடும் இடம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், குனிந்து, மற்ற கற்களோடு அதை வைத்துவிட்டு வந்தார். 7 மணி ரயிலைப் பிடிக்க எங்களுக்கு இருபது நிமிடம் இருந்தது. குயின்ஸ் ரோடு திரும்பும்போது மேடு, மறக்காமல் அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.