720720: ஒரு பெரிய எண்ணை அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பெரிய எண்ணைக் கண்டதும் 2-ஆல் வகுக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் இலக்கங்களை உற்றுப் பாருங்கள். 720720-ஐ எடுத்துக்கொள்வோம்.

படி 1: வடிவம்
720 அடுத்தடுத்து இருமுறை வருகிறது. அப்படியென்றால் இது 720 × 1000 + 720, அதாவது 720 × 1001. எந்த மூன்று இலக்க எண்ணை இப்படி இரண்டு முறை எழுதினாலும் 1001-ஆல் மீதியின்றி வகுபடும். 1001 = 7 × 11 × 13 என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்; அடிக்கடி கைகொடுக்கும்.

படி 2: பகாக் காரணிகள்
720 = 2⁴ × 3² × 5. ஆகவே,
720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13.
இந்த ஒரு வரி போதும், மற்ற எல்லாம் இதிலிருந்தே வரும்.

படி 3: காரணிகள் எத்தனை?
ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐச் சேர்க்காமலே விடலாம். அல்லது 1, 2, 3, 4 முறை சேர்க்கலாம். மொத்தம் 5 வழிகள். அதேபோல 3-க்கு 3 வழிகள், மற்ற நான்குக்கும் தலா 2. பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. சேர்க்காமல் விடுவதும் ஒரு வழிதான், அதனால்தான் ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டுகிறோம்.

720720-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்டவை உயர் பகு எண்கள். ராமானுஜன் 1915-இல் இவற்றைப் பற்றியே ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எண்களின் அழகை உணர இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

படி 4: எந்த வகை?
முழு வர்க்கம் அல்ல: 5, 7, 11, 13 ஆகியவற்றின் அடுக்கு ஒற்றைப்படை. 5005-ஆல் பெருக்கினால் 60060-இன் வர்க்கம் கிடைக்கும்.

காரணிகளின் கூடுதல்: (1+2+4+8+16) × (1+3+9) × 6 × 8 × 12 × 14 = 32,49,792. இதில் 720720-ஐக் கழித்தாலும் 25,29,072 மிஞ்சுகிறது. எண்ணைவிட இது பெரிது, ஆகவே மிகை எண்.

படி 5: 1 முதல் 16 வரை
16 = 2⁴, 9 = 3²; பிறகு 5, 7, 11, 13. எல்லாம் உள்ளே இருக்கின்றன. 1 முதல் 16 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கே 720720. இதை 17-ஆல் பெருக்கினால் 1,22,52,240 வரும். அதை 18-உம் வகுக்கும், ஏனெனில் 2-உம் 3²-உம் முன்பே இருக்கின்றன. அதன் காரணிகளைப் படி 3-இன்படி எண்ணிப் பாருங்கள். 480 வந்தால் சரி.