மருது, கடுக்காய், தான்றி: டெர்மினேலியா மரங்களைப் பிரித்தறிந்து வரைபடத்தில் ஏற்றும் முறை

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று போகும் சாலை, மருதும் கடுக்காயும் தான்றியும் அடங்கிய டெர்மினேலியா பேரினத்தைப் படிக்க அருமையான இடம். கிழக்கே தென்காசிப் பக்கம் வறண்ட காடு, கணவாயைத் தாண்டினால் தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும் காடு. இந்தக் கொஞ்ச தூரத்துக்குள் பேரினத்தின் பல இனங்களைப் பார்த்துவிடலாம். வரைபடம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் கடைசி வேலைதான். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் இருக்கும் மரம் எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் எவ்வளவு அழகான வரைபடமும் பயன்படாது.

முதலில் எதையெல்லாம் இந்தப் பேரினத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். லின்னேயஸ் 1767இல் பெயர் வைத்தது. நம்ம ஊர் வெக்காலி மரம் நெடுங்காலம் அனோகெய்சஸ் என்ற தனிப் பேரினத்தில் இருந்தது; 2017இல் அதையும் டெர்மினேலியாவுக்குள் கொண்டுவந்தார்கள். பழைய பட்டியலில் அது இருக்காது, புதியதில் இருக்கும். எந்தப் பக்கம் நின்றாலும் சரி, முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அதேபோல் கருமருது டொமென்டோசா, கிரெனுலாட்டா, அலாட்டா என்று பல அறிவியல் பெயர்களில் பதிவாகியிருக்கும். லண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் இணையப் பட்டியலில் இவற்றை எலிப்டிகா என்ற ஒரே பெயருக்குள் அடக்கியிருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் தரவை அப்படியே இறக்கினால் ஒரே மரம் நாலு நிறப் புள்ளியாக நிற்கும்.

ஊர்ப் பெயரைக் கட்டாயம் கேட்டு எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வெண்மருது என்று ஒருவர் நீர்மருதைச் சொல்வார், இன்னொருவர் பூமருதைச் சொல்வார். ஆரியங்காவில் வெறுமனே 'மருது' என்றால் பெரும்பாலும் பூமருதுதான்.

களத்துக்குப் போக ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம், ஏனென்றால் இந்தப் பேரினத்தில் பேசுவது காய்தான். பூவில் இதழே கிடையாது, பத்து மகரந்தத் தாள்கள், எல்லாம் சின்னச் சின்னதாக ஒரே மாதிரி இருக்கும், அதை வைத்துத் தடுமாறுவதைவிடக் காயைப் பாருங்கள். கருமருதுக்கும் நீர்மருதுக்கும் ஐந்து இறக்கை உண்டு. கருமருதின் இறக்கையில் கோடுகள் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும், நீர்மருதில் மேல்நோக்கி வளையும். பட்டையைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது: கருமருது முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும், நீர்மருது வெளிர் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக, செதில் செதிலாக உரியும். பூமருதின் காய் சிறியது, ஒரு இறக்கை பெரிதாகவும் இரண்டு சிறிதாகவும் இருக்கும், பழுப்புச் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குவது தூரத்திலிருந்தே தெரியும். கடுக்காய்க்கும் தான்றிக்கும் இறக்கை இல்லை. தான்றிக் காய் உருண்டை, மேலே சாம்பல் நிறத்தில் வெல்வெட் பூச்சு, இலைகள் கிளை நுனியில் குவிந்திருக்கும். கடுக்காய் முடியில்லாமல் வழவழப்பாக இருந்து, காய்ந்ததும் ஐந்து விளிம்பு எழும், இலைகள் ஏறக்குறைய எதிரெதிராக இருக்கும். ஈரக் காட்டுக்குள் இறக்கையில்லாத காயைப் பார்த்ததும் கடுக்காய் என்று எழுதிவிடாதீர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய டிரவன்கோரென்சிஸ் என்ற இனமும் அங்கே உண்டு.

இலைக்காம்பின் நுனியிலோ, இலையின் அடியில் நடுநரம்பை ஒட்டியோ சின்னச் சுரப்பிகள் இருக்கும், அவற்றையும் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு மரத்துக்கு முழு மரம், பட்டை, இலையின் அடிப்பக்கம், அளவுகோல் வைத்த காய் என்று நாலு படமாவது எடுங்கள். இணையத்தில் ஏறும் படங்களில் பாதி, மரத்தை நிமிர்ந்து பார்த்து எடுத்த பச்சைக் குவியல்தான், யாராலும் எதையும் சொல்ல முடியாது.

காட்டுக்குள் போவதற்கும் மாதிரி பறிப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். தமிழ்நாட்டு அனுமதி செந்துருணி சரணாலயத்துக்குச் செல்லாது, கேரளத்தில் தனியாக வாங்க வேண்டும். பொதுச் சாலையோர மரங்களைப் படமெடுத்தே நிறையச் செய்யலாம்.

இருப்பிடத்தை ஜிபிஎஸ்ஸில் ஐந்து தசம இலக்கத்தோடு எழுதுங்கள். ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஒரே ஒரு தசமத்தோடு நிறுத்தினால் புள்ளி ஐந்து கிலோமீட்டருக்கு மேலேயே தள்ளிப்போகலாம். சமவெளியில் அது பெரிதில்லை, கணவாய்ப் பக்கத்தில் மரம் மழைக்காட்டிலிருந்து வறண்ட காட்டுக்கு மாறிவிடும்!

பழைய பதிவுகள் இல்லாமல் பரவலைச் சொல்ல முடியாது. கோவையில் உள்ள பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் உலர்தாவரச் சேகரிப்பு (காய வைத்து அட்டையில் ஒட்டிய செடி மாதிரிகள்), புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துடையது இரண்டும் முக்கியமானவை. உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் தளத்திலும் தேடுங்கள். இங்கேதான் எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் குமரி மாவட்டமும் தமிழ்நாட்டில் இல்லை. அதனால் பழைய மாதிரியோடு ஒட்டிய விவரச் சீட்டில் 'திருவிதாங்கூர்' என்று இருந்தால் உடனே கேரளத்தில் புள்ளி வைக்கக் கூடாது. 'மதராஸ் மாகாணம்' என்றால் பாலக்காடாகவும் இருக்கலாம், சித்தூராகவும் இருக்கலாம். 'திருநெல்வேலி மாவட்டம்' என்று 2019க்கு முன் எழுதியது இன்றைய தென்காசியாகவும் இருக்கலாம். ஓடை, எஸ்டேட், ரயில் நிலையம் என்று சீட்டில் ஏதாவது பெயர் இருக்கும், அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் வெளியூர் ஆய்வாளருக்குக் கிடைக்காத விடை கிடைக்கும். இடம் தெரியாத பதிவைப் பட்டியலில் வைத்திருங்கள், வரைபடத்தில் ஏற்றாதீர்கள்.

அப்புறம் கியூஜிஐஎஸ். வரைபடம் போடும் இலவச மென்பொருள். இனம், அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை மீட்டர் துல்லியம், தேதி, யார் அடையாளம் கண்டது, நட்டதா தானாக முளைத்ததா என்று பத்திகள் வைத்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக ஏற்றுங்கள். கடலில் விழும் புள்ளிகளை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கும். பரப்பளவு கணக்கிட, இடத்தைப் பாகையில் அல்லாமல் மீட்டரில் சொல்லும் யுடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆந்திரத்துச் சேஷாசலம் மலையின் பல்லிடா இனத்தைச் சேர்த்தால் அங்கே மண்டலம் 44. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் முறைப்படி 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டம் போட்டு, மரம் இருக்கும் கட்டங்களை எண்ணி நாலால் பெருக்கினால் அது வாழும் பரப்பு சதுர கிலோமீட்டரில் வரும்.

நட்ட மரத்துக்குத் தனிக் குறி வேண்டும். இதே பேரினத்தைச் சேர்ந்த பள்ளி வளாகத்து நாட்டு வாதுமையையும் சாலையோர நீர்மருதையும் ஆற்றங்கரையில் தானாக வளர்ந்த நீர்மருதோடு கலந்தால் பரவல் பற்றி நீங்கள் சொல்லும் எதையும் நம்ப முடியாது. தேடிப் பார்த்து இல்லை என்று உறுதியான கட்டங்களுக்கும் ஒரு நிறம் கொடுங்கள், யாரும் போகாத கட்டங்களை வெள்ளையாகவே விடுங்கள். சாலையை ஒட்டிப் புள்ளிகள் நெருங்கி நிற்பது மரம் அங்கே அதிகம் என்பதால் அல்ல, நாம் நடந்தது அங்கே என்பதால்தான். அடுத்த காய்ப் பருவத்தில் அந்த வெள்ளைக் கட்டங்களுக்குப் போக இப்போதே அனுமதிக்கு எழுதிப் போடுங்கள்.